நாக்கு படாத உப்பு

நாகஜோதி பயிற்சி முடித்து ஊர் திரும்பிய அதே விடியலில், மேற்கு மலையின் தோளில் காலம் காலமாகக் கிடந்த ஈத்துமேடு என்னும் புல்வெளி, தன் பனியையும் குளிரையும் குருவிகளையும் சுருட்டி எடுத்துக்கொண்டு, பாறைச் சரிவுகளில் வழுக்கியும் வாழைத்தோட்ட வரப்புகளில் ஒடுங்கியும், ஒரு நாயைக்கூடக் குரைக்க வைக்காமல் இறங்கி வந்து, மந்தைக்கரை ஊரின் மாட்டுத் தொழுக்களுக்குப் பின்னால் வெறும் பொட்டலாகக் கிடந்த புறம்போக்கில் படுத்துக்கொண்டது. முதல் பஸ்ஸிலிருந்து பெட்டியோடு இறங்கியவள் அதைப் பார்த்தாள். வாசல் தெளிக்க வந்த அடுத்த வீட்டுக் குருவம்மாவும் பார்த்தாள். இடுப்பளவு புல், நுனியெல்லாம் பனித்துளி, நடுவில் ஒரு நெட்டைக்காலிக் குருவி, இங்கேயே பிறந்து வளர்ந்ததுபோல வாலை ஆட்டிக்கொண்டு.

"வாரேன்னு நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, காயப்போட்ட மொளகாயை அள்ளியிருப்பேன்ல" என்று புல்லைப் பார்த்துச் சொல்லிவிட்டு, குருவம்மா வாளியைக் கீழே வைத்தாள். பிறகு நாகஜோதி பக்கம் திரும்பினாள். "வா ஆத்தா. மெலிஞ்சு போயிட்ட. அங்க சோறு போடுறாங்களா, இல்ல பாடம் மட்டுந்தானா?"

"சோறும் போடுறாங்க அயித்தை."

"போட்ட மாதிரி தெரியலையே."

ஊர் அந்தப் புல்வெளிக்குப் பழகிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. கூடவே இறங்கிய குளிரில் தோசை மாவு புளிக்க மறுத்ததால் பெண்கள் மாவுச் சட்டியை வைக்கோலில் புதைத்துவைக்கப் பழகினார்கள். ஆனி மாதத்தில் ஆண்கள் மப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார்கள். காலையில் வீட்டுக்குள் புகுந்து படுத்துவிடும் பனியை முறத்தால் வெளியே தள்ளிவிட்டுத்தான் அடுப்புப் பற்றவைக்க முடிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கால்விரல் இடுக்கில் அட்டைப்பூச்சியோடு வந்ததால் வாத்தியார் தன் மேசையில் சாக்பீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் சுண்ணாம்பு வைத்துக்கொண்டார். கண்டக்டர் "மந்தைக்கரை" என்று கத்துவதை விட்டு "புல்லு எறங்கு, புல்லு எறங்கு" என்று கத்த ஆரம்பித்தார். அந்த மாதம் நிச்சயமான ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் சீர்வரிசையில் கம்பளியும் சேர்த்து வைத்தார்கள். ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வாசலுக்கு வந்த விருந்தாளியிடம் எதற்கு வந்தாய் என்று கேட்கிற வழக்கம் மந்தைக்கரையில் இல்லை.

நாகஜோதியின் அப்பா பெத்தணசாமி மட்டும் அன்றைக்குத் தொழுவின் படலைத் திறந்து விட்டுவிட்டு, மாடுகள் புல்லுக்குள் கழுத்துவரை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, "நம்மளத்தான மேல வரக்கூடாதுன்னாங்க. அதைக் கீழ எறங்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலயே" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. பயிற்சியில் தந்த உதவித்தொகையில் வாங்கிவந்த கைக்கடிகாரத்தை அவள் நீட்டியபோது, அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, மாட்டுக்கும் காட்டினார்.

மந்தைக்கரைக்காரர்கள் மலைமாடு வைத்திருப்பவர்கள். கட்டுத்தறியும் மூக்கணாங்கயிறும் அறியாத மாடுகள் அவை. முதல் மழைக்கு மலையேறி, தைக்கு இறங்கும். ஈத்துமேட்டின் புல்லுக்குள் படுத்துக் கன்று ஈனும். அதனால்தான் அந்த மேட்டுக்கு அந்தப் பேர். மலை ஒரு நாள் காப்புக்காடானது, இன்னொரு நாள் அதைவிடப் பெரிய பேருள்ள காடானது, அதன்பின் மேய்ச்சல் சீட்டு நின்றுபோனது, அடிவாரத்தில் செக்போஸ்ட் வந்தது. மாடுகள் கோடைக்கும் மழைக்கும் அறுவடைத் தாளைக் கடித்துக்கொண்டு கீழேயே கிடந்தன. பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று யோசித்த நல்ல மனிதர்கள் சிலர், மேய்ச்சல் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்றே காடு காக்கிற படிப்பு ஒன்றையும், படித்தால் அதே காட்டில் ஒரு வேலையையும் ஏற்பாடு செய்தார்கள். மந்தைக்கரையிலிருந்து போனவர்களில் முடித்தது நாகஜோதி ஒருத்திதான்.

ஊர்விட்டுத் தொலைவாகப் போகிறவர்கள் ஈத்துமேட்டில் இருக்கும் உப்புப்பாறையில் ஒரு கை உப்பு வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வைத்தவர் அந்த உப்பில் முதல் நாக்கு படும்வரை பாறையை விட்டு எழக் கூடாது. பசுவோ கன்றோ வந்து நக்கினால் போதும், மந்தை போகிறவரை மறக்காது, போகிறவருக்கும் வழி மறக்காது. நாகஜோதி போக வேண்டிய நாளில் மலைக்கு வழியில்லை. ஆகவே அவள் தொழுவின் வாசலில், கன்று கட்டும் கல்லின் மேல் உப்பை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மாடுகள் தாள் மேயப் போயிருந்தன. பயிற்சிக்கு அழைத்துப்போக வந்த வேன் தெருவில் ஹார்ன் அடித்தது. இன்னொரு முறை அடித்தது. அம்மா பவுன்தாயி, "போ, வண்டிக்காரன் கெளம்பிருவான், மாடு வந்து நக்கிக்கிடும்" என்றாள். நாகஜோதி எழுந்து போய்விட்டாள்.

எழுந்து போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அது ஒரு பெரிய விஷயமாக அப்போது தெரியவுமில்லை.

பயிற்சி நடந்த இடம் ஒரு நகரத்தின் ஓரத்தில், வற்றிய ஏரி ஒன்றைப் பார்த்த கட்டடம். ஆட்டுக்கிடை போடுகிற வீட்டுப் பையன்கள், எருமை வளர்க்கிற மலைக்காரப் பிள்ளைகள், வடக்கே எங்கோ மந்தையோடு நடக்கிறவர்களின் மகள் ஒருத்தி என்று எல்லாரும் அங்கே இருந்தார்கள். ஒவ்வொருவரும் தம் வீட்டு மிருகத்தின் வாசனையைத் துணிகளில் கொண்டுவந்திருந்தார்கள். முதல் மாதத்திலேயே சோப்பு அதைக் கொண்டுபோய்விட்டது. மரத்தில் கேமரா கட்டுவது, குருவிகளுக்கு அச்சில் உள்ள பேர், பாம்பு கடித்தால் செய்ய வேண்டியது, சுற்றுலா வந்தவரிடம் ஆங்கிலத்தில் "இந்தப் பக்கம் வாருங்கள்" என்பது எல்லாம் கற்றார்கள். கடைசிப் பரீட்சையில் 'மேய்ச்சலால் காட்டுக்கு ஏற்படும் கேடுகள் யாவை' என்று ஒரு கேள்வி இருந்தது. நாகஜோதி அப்பாவின் மாடுகளை ஒவ்வொன்றாக மனசில் நிறுத்திவைத்து அதற்குப் பதில் எழுதினாள். முழு மதிப்பெண் கிடைத்தது. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் பாயசம் போட்டார்கள். அவள் தட்டோரத்து உப்பில் விரலை வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

இப்போது ஊரில் புல்வெளி இருந்தது, அப்பா சிரித்தார், மாடுகளின் தோல் எண்ணெய் பூசியதுபோல மினுங்கியது. பவுன்தாயி மகளின் தட்டில் இன்னொரு கரண்டி போட்டு, "பாரு, நீ வந்த நேரம்" என்றாள்.

அது நீடித்திருக்கலாம். ஆனால் ஒரு திங்கட்கிழமை ஜீப் வந்தது.

முதலில் இறங்கிய கிராம நிர்வாக அலுவலர் புல்லைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, இந்தப் புறம்போக்குக்கு சர்வே எண் உண்டு, இதன்மேல் படுத்திருக்கிற நிலத்துக்கு என்னிடம் எண் கிடையாது என்றார். அடுத்து இறங்கிய வனவர் ஜெகதீசன், "எங்ககிட்ட இருக்கு சார். காடு எங்க போய்ப் படுத்தாலும் காடுதான்" என்றார். சாயங்காலத்துக்குள் முள்கம்பி வந்தது, பலகை வந்தது. மந்தைக்கரை மறுக்கவில்லை. சுற்றி நின்று, கம்பத்துக்குக் குழி தோண்டுகிறவர்களுக்கு மோர் கொடுத்தது. அந்த மோர் உறையாத பாலில் அடித்தது, சப்பென்று இருந்தது.

"காவலுக்கு ஆள் வேணும்ல" என்றார் ஜெகதீசன். நல்ல மனிதர், யாரையும் அதட்டிப் பேசத் தெரியாதவர். "வெளியாளப் போட்டா உங்க ஆளுக ஒத்துக்க மாட்டாங்க. ஜோதி, உனக்கு ஆர்டர் ரெடியாத்தான் இருக்கு. மலைக்குப் போடுறதா இருந்தேன். மலையே வந்திருச்சு. இங்கயே சேந்துக்க."

இப்படியாக, தைத்து வைத்திருந்த பச்சைச் சட்டையை நாகஜோதி போட்டுக்கொண்டாள். அவள் வேலை கம்பிக்கு உள்ளே நிற்பது. மந்தைக்கரை மாடுகளைக் கம்பிக்கு வெளியே நிறுத்துவது.

சட்டை போட்ட அன்றைக்கே ஊர் அவளிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டது. கோபமாக இல்லை. தெருவில் அவள் வந்தால், மழை வரும்போது நகர்ந்துகொள்வதுபோல நகர்ந்துகொண்டார்கள். குருவம்மா அயித்தை மட்டும் கம்பிக்கு வெளியே நின்று, "என் மொளகாய் உள்ளதான் கெடக்கு. அது உங்க சாமான்கள்ல சேத்தியா, எங்க சாமான்கள்ல சேத்தியா?" என்று ஒருதரம் கேட்டாள். பவுன்தாயி சோற்றுப் போசியைக் கம்பியின் மேல் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், "எங்க மேட்டை எங்ககிட்டருந்து காக்கத்தான் அம்புட்டுத் தூரம் அனுப்பிப் படிக்கவச்சோமா" என்று கேட்டாள். ஜீப்பில் வந்துபோகிற காவலர்களோ அவளோடு மரியாதையாகப் பேசினார்கள், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஜீப்புக்கு மறுபக்கம் போய்விட்டார்கள். மாட்டுக்காரப் பெண் காதில் விழும்படி பேசக்கூடாத விஷயங்கள் அவர்களுக்கு இருந்தன.

எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது அப்பா. சாயங்காலம் தவறாமல் மந்தையை ஓட்டிக்கொண்டு கம்பியோரம் வருவார். மந்தையின் தலைமாடு செம்மறை, சிவப்பில் வெள்ளைத் திட்டுக்களோடு கொம்பு உள்வளைந்த கிழப்பசு, கம்பியில் மூக்கு வைத்து நிற்கும். உள்ளேயிருந்து புல், காற்று எந்தப் பக்கம் இருந்தாலும், அதன் மூக்கை நோக்கிச் சாயும். ஒரு விரல்கடை இடைவெளி. நாகஜோதி கம்பை வைத்து மாட்டின் நெற்றியைப் பின்னால் தள்ள வேண்டும். தள்ளுவாள். அப்பா தடுக்க மாட்டார். மணிக்கட்டு வெறுமனே இருக்கும். கடிகாரத்தைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டிருந்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஊர் அலுவலகத்தில் நின்று கேட்பதுபோலக் கேட்பார்:

"மேடம், மணி என்னங்க?"

அவள் சொல்வாள்.

"சரிங்க மேடம்."

மாடுகள் திரும்பிப்போன பிறகு கம்பிக்குள் அவள் ஒருத்தி. மலையில் இருந்த காலத்தில் அந்தப் புல்வெளிக்குள் நின்றால் நாலு பக்கமும் மந்தையின் மணிச் சத்தம் கேட்கும், எங்கேயோ ஒருவன் இன்னொருவனைத் திட்டுவது கேட்கும். இப்போது அதே புல்லுக்குள், நூறு அடி தள்ளி வீடுகளில் தாளிக்கிற வாசனை வர, குருவியின் குரல் தவிர வேறு குரல் இல்லாமல் நின்றாள்.

ஆடி பிறந்தபோது புல் ஓரங்களில் மஞ்சளாகத் தொடங்கியது. கொண்டுவந்த பனி தீர்ந்துகொண்டிருந்தது. காலையில் முறத்தால் தள்ள வீட்டுக்குள் ஒன்றும் வரவில்லை. மாவு பழையபடி புளித்தது, பெண்கள் அதற்குச் சந்தோஷப்பட்டார்கள். பிறகு ஊர்க் கிணற்றில் கயிறு எட்டாமல் இன்னொரு முழம் முடிந்துபோட வேண்டியதாயிற்று. மலையைப் பார்த்தால், ஈத்துமேடு இருந்த இடம் செம்மண் புண்ணாகத் தெரிந்தது; அதன் கீழே பிறந்து கிணறுகளுக்கு வந்த ஓடை வெறும் கல்லாகக் கிடந்தது. மேகங்கள் அந்த இடம்வரை வந்து, உட்கார இடமில்லாமல், அந்தப் பக்கம் போய்விட்டன.

"தண்ணி ஊத்தலாமா சார்?" என்று அவள் ஜெகதீசனிடம் கேட்டாள்.

"எந்தக் கெணத்துலருந்து?"

"அப்ப ஒரு மாசம் மாட்டை உள்ள விடுவோம். சாணி விழும். குளம்பு பட்டா வெதை மண்ணுக்குள்ள எறங்கும். பாடத்துலயே இருக்கு சார், எல்லா மேய்ச்சலும் கேடு இல்லன்னு, கடைசி வகுப்புல சொன்னாங்க."

"மேல எழுதிக் கேட்டுருக்கேன்மா."

"என்ன சொன்னாங்க?"

"பாக்குறோம்னாங்க." அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "பாக்குறோம்னா பாக்க மாட்டோம்னு அர்த்தம் இல்ல. ஆனா பாத்ததும் இல்ல."

மறுநாள் சாயங்காலம் செம்மறை கம்பியில் மூக்கு வைத்தபோது நாகஜோதி கம்பைக் கீழே போட்டுவிட்டு, கம்பியின் ஒரு முடிச்சை அவிழ்த்து விலக்கினாள். கிழப்பசு உள்ளே வந்தது. மேய்வதற்குத் தலை குனியவில்லை. புல்லைக் கிழித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தது, ஒரு இடத்தில் நின்று தரையை முகர்ந்தது, வேறொரு இடத்துக்குப் போய் முகர்ந்தது, எதையோ வைத்த இடம் மறந்தவர்கள் வீட்டுக்குள் நடப்பதுபோல. ஈத்துமேட்டின் புல் வந்திருந்தது, பனி வந்திருந்தது, குருவியும் அட்டையும் வந்திருந்தன. உப்புப்பாறை வரவில்லை. அது மலையிலேயே இருந்தது.

செம்மறை கடைசியில் அவளிடம் வந்தது. அவள் உள்ளங்கையை நக்கியது. வியர்வையின் உப்பை, அரம்போன்ற நாக்கால், தோல் எரியும்வரை.

அப்போதுதான் அவள் தொழுவின் பக்கம் பார்த்தாள். படுத்திருந்த புல்வெளியின் கிழக்கு விளிம்பு சரியாகத் தொழு வாசலில், கன்று கட்டும் கல்லில் போய் முடிந்திருந்தது. மஞ்சளாகாமல் இருந்தது அந்த ஓரம் ஒன்றுதான். அங்கே புல்லின் நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கல்லின் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தன. புல்லுக்கு நாக்கு இல்லை. எவ்வளவு தடவினாலும் அது நக்கியதாக ஆகாது.

"அய்யா, நான் போறப்ப உப்பு வச்சேன்" என்றாள். "அந்தக் கல்லுல. நாக்குப் படுறதுக்கு முன்னாடி எந்திரிச்சுட்டேன். வேன்காரன் ஹார்ன் அடிச்சான்."

பெத்தணசாமி கல்லைப் பார்த்தார். புல்லைப் பார்த்தார். பிறகு மேடம் போடாமல் சொன்னார்: "அன்னைக்குச் சாயங்காலம் மழை. நாங்க வாரதுக்குள்ள உப்புக் கரைஞ்சு போச்சு."

"உப்பு வச்சுக் கூப்புட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். அதான் தேடி வந்துருக்கு."

"வந்தது வந்துருச்சு. இருக்கட்டும்."

"காஞ்சுபோகும்யா."

"காயிற வரைக்கும் இருக்கட்டும்." அவர் குரல் உயரவில்லை. "இது இருந்தா, என்னைக்காவது ஒருநாள் கம்பியை எடுத்துருவாங்கன்னு நான் மாட்டை வச்சுக்கிருவேன். இது போச்சுன்னா அடிமாட்டு வண்டியில ஏத்தணும். நீ பாத்துச் செய்யி."

அவர் செம்மறையை ஓட்டிக்கொண்டு போனார். மணி என்னவென்று கேட்கவில்லை.

நாகஜோதி மூன்று ராத்திரி யோசித்தாள் என்று ஊரில் பின்னால் சொல்வார்கள். உண்மையில் அவள் யோசித்தது அடுத்த நாள் காலை போசியில் வந்த கஞ்சியைக் குடித்து முடிக்கிற நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் பயம். உப்பை மலையிலிருக்கும் உப்புப்பாறையிலேயே வைத்தால், புல் அதைத் தேடித் திரும்பும். ஆனால் நாக்கு படும்வரை எழ முடியாது. மலையில் மாடு இல்லை, இனி வரப்போவதும் இல்லை. அந்த ஊரிலேயே மலையேறிப் போக உரிமை உள்ள ஒரே ஆள் அவள்தான், பச்சைச் சட்டையின் தயவில்.

கல்லுப்பு ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு, வெயில் ஏறிய பிறகு, எல்லாரும் பார்க்கக் கிளம்பினாள். செக்போஸ்ட்டைத் தாண்டி முதல் வளைவில் திரும்பிப் பார்த்தபோது ஈத்துமேடு எழுந்திருந்தது. கம்பிக்கு அடியில் புகுந்து, வேலிக் கம்பங்களை ஒன்றும் செய்யாமல், நெடுநாள் தங்கிய விருந்தாளி கிளம்பும்போது செய்வதுபோலத் தொழு வாசலில் ஒருகணம் தயங்கி, பிறகு அவள் பின்னால் வந்தது. ஊர் நின்று பார்த்தது. பவுன்தாயி வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பொட்டல் மறுபடி பொட்டலானது. அதன் நடுவில் குருவம்மாவின் மிளகாய் சிவப்பு மாறாமல், போட்டது போட்டபடி காய்ந்து கிடந்தது. அவள் அதை அள்ளிக்கொண்டு, "நல்ல பதத்துல இருக்கு" என்றாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மிளகாய் நெடி.

மலையின் தோளில் புல் தன் பழைய இடத்தில் தன்னை விரித்துக்கொண்டது. மேகங்கள் வந்து உட்கார்ந்தன. நாகஜோதி உப்புப்பாறையின் குழியில் உப்பை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மிளா மான் ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போனது. காட்டுமாடுகள் கூட்டமாக வந்தன, கரிய முதுகுகள் புல்லுக்கு மேலே மிதக்க. பெரியது ஒன்று பாறைவரை வந்து உப்பை முகர்ந்தது, மூச்சு அவள் முகத்தில் பட்டது, அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அது தலையை ஆட்டிவிட்டுத் திரும்பியது. அவற்றுக்கு வேறு எங்கோ அவற்றின் உப்பு இருந்தது. அவளே ஒருமுறை குனிந்து நக்கிப் பார்த்தாள். வைத்தவர் நாக்கு கணக்கில் வராது. வாய் கரித்ததுதான் மிச்சம். மழை வந்தால் உப்பின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். பசி வரவில்லை, அந்தப் பாறையில் உட்கார்ந்தவர்களுக்குப் பசி வருவதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தனிமை மட்டும் வேளாவேளைக்கு வந்தது. நாள் கணக்கு விட்டுப்போனது. அவள் மடியில் கொஞ்சம் புல் முளைத்தது, அதைப் பிடுங்க மனசு வரவில்லை.

வாக்கிடாக்கியில் ஜெகதீசன் வருவார். "ஜோதி, லொக்கேஷன் சொல்லு, ஓவர்."

"ஈத்துமேடு சார், ஓவர்."

"இன்னுமா? சரி. கீழ கெணத்துல தண்ணி ஏறிருச்சுன்னு சொல்லச் சொன்னாங்க. உன்னை அங்கயே நிரந்தர முகாமாப் போட்டு எழுதியிருக்கேன். நல்லா வேலை செய்யிற. ஓவர்."

"சார், எங்க அய்யா ஏதாவது..."

பதிலுக்கு இரைச்சல்தான் வந்தது. மலையின் அந்தப் பக்கத்தில் எப்போதும் அப்படித்தான்.

ஒரு மத்தியானம், பனி கலைந்திருந்த நேரத்தில், புல்லுக்குள் ஏதோ வருவது தெரிந்தது. மாட்டின் நடை இல்லை. மூச்சு வாங்குகிற, நின்று நின்று வருகிற மனித நடை. பெத்தணசாமி புல்லை விலக்கிக்கொண்டு வெளிப்பட்டார், வேட்டியெல்லாம் முள், காலில் அட்டை.

"அய்யா, நீங்க உள்ள வரக்கூடாது" என்று வாயில் வந்துவிட்டது அவளுக்கு.

"கேஸ் எழுதுங்க மேடம். அத்துமீறல்னு போடுங்க. கையெழுத்துப் போடுறேன்." பாறையில் சாய்ந்து உட்கார்ந்து, மூச்சு அடங்கும்வரை மலையைப் பார்த்தார். "பாதி மாடு வண்டியேறிருச்சு. செம்மறைய ஏத்தல. ஏறவும் மாட்டேன்னுட்டா. கூட்டியாரலாம்னு பாத்தேன், செக்போஸ்ட்ல அவளை விடல. என்னைய விடச்சொல்லி நான் கேக்கவே இல்ல, ஓடை வழியா வந்துட்டேன்."

"எதுக்குய்யா வந்தீங்க?"

அவர் தலைப்பாகையை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்தார். பிறகு பாறையின் முன்னால் இரண்டு கையையும் ஊன்றி, முழங்காலை மடக்கி, வாழ்நாள் முழுக்க மாடுகள் குனிவதைப் பார்த்த ஒருவர் எப்படிக் குனிவாரோ அப்படி, முதலில் கழுத்தை நீட்டி, அப்புறம் தோளை இறக்கி, குனிந்து, அவள் வைத்த உப்பை நக்கினார்.

புல்வெளி முழுக்க, விளிம்பிலிருந்து விளிம்புவரை, ஒருதரம் மூச்சு விட்டது.

"முடிஞ்சது" என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு. "எந்திரி சோதி."

அவளால் உடனே எழ முடியவில்லை. கால்கள் பாறையின் நிறத்துக்கு வந்திருந்தன. அவர் அவளது கணுக்காலைத் தேய்த்துவிட்டார், பிறந்த கன்றுக்குத் தேய்ப்பதுபோல. இருவரும் புல்லுக்குள் நடந்து இறங்கினார்கள். செக்போஸ்ட்டின் குறுக்குத்தடி தெரிந்த இடத்தில் நாகஜோதி நின்றாள். அவருக்கும் தெரிந்திருந்தது, நிற்காமலே கேட்டார்:

"வரமாட்டியா?"

"டூட்டிய்யா. முகாம் போட்டுட்டாங்க." பிறகு, "நானும் எறங்கிட்டா மேல நம்மாளு யாரும் இல்லய்யா" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுத் தடிக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனார். அங்கே காத்து நின்ற செம்மறை அவர் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தது.

இப்போது ஈத்துமேட்டுக்குச் சுற்றுலா வருகிறார்கள். நாகஜோதி இரண்டு பாஷையிலும் "இந்தப் பக்கம் வாருங்கள்" என்கிறாள், நெட்டைக்காலியைக் காட்டுகிறாள், இந்தப் புல் தண்ணீரை எப்படிப் பிடித்து வைக்கிறது என்று சொல்கிறாள். கவனமுள்ள யாராவது ஒருவர், ஏன் புல் எல்லாம் கிழக்கே சாய்ந்திருக்கிறது என்று கேட்பார். காற்று என்பாள். மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கிற மாதங்களில் அது சரியான பதில்தான். ஐப்பசியில் காற்று திரும்பி ஊர்ப்பக்கமிருந்து வீசும். அப்போதும் புல் கிழக்கேதான், காற்றை எதிர்த்து, தொழுக்களைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அந்த மாதத்தில் சுற்றுலா வருவதில்லை.

மாதம் ஒருமுறை அரிசி வாங்க அவள் செக்போஸ்ட்டுக்கு இறங்குகிறாள். தடிக்கு அந்தப் பக்கம் அப்பா செம்மறையோடு நிற்கிறார். மாடு மூக்கை நீட்டுகிறது. அவள் கையை நீட்டி நக்கக் கொடுக்கிறாள். அதைத் தடுக்க விதி எதுவும் இல்லை என்று காவலாளி எப்போதோ பார்த்துவைத்துவிட்டார். கிளம்புவதற்கு முன் அவர், அவள் வாங்கிக் கொடுத்த கடிகாரம் மணிக்கட்டில் ஓடிக்கொண்டிருக்க, அந்தக் கையாலேயே மாட்டின் கழுத்தைத் தடவியபடி கேட்கிறார்:

"மேடம், மணி என்னங்க?"

அவள் அவர் கையைத் திருப்பி, பார்த்துச் சொல்கிறாள்.